‘அனுபவம்’ எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் பணியில் இருக்கிறேன். மருந்துடன் வரும் குறிப்புத்தாள்கள், வேலை விளம்பரங்கள், வங்கிச் செயலிகளின் அறிவிப்புகள் என்று பலவகை எழுத்துகள் கைக்கு வருகின்றன. இவை எல்லாவற்றிலும் ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற ஒரே சொல் பெயராகவும் வினையாகவும் திரும்பத் திரும்ப வருகிறது. நாங்கள் பின்பற்ற வேண்டிய சொற்பட்டியலில் அதற்கு நேராக ‘அனுபவம்’, ‘அனுபவித்தல்’ ஆகிய இரண்டு மட்டுமே உள்ளன. அதன்படி எழுதினால் இத்தகைய வாக்கியங்கள் கிடைக்கின்றன:

“இந்த மாத்திரையை உட்கொண்ட பின் நீங்கள் தலைச்சுற்றலை அனுபவித்தால் உடனே மருத்துவரை அணுகவும்.”

“ஐந்து ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம்.”

“எங்கள் செயலியில் சிறந்த வங்கி அனுபவத்தை அனுபவியுங்கள்.”

இவற்றில் இரண்டாவது இயல்பாக இருக்கிறது. முதலாவதும் மூன்றாவதும் உறுத்துகின்றன. ஆனால் ‘காதுக்கு ஒவ்வவில்லை’ என்று மட்டும் சொன்னால் சொற்பட்டியலை யாரும் மாற்ற மாட்டார்கள். இலக்கணம் சார்ந்தோ வழக்குச் சார்ந்தோ ஒரு காரணம் காட்ட வேண்டியிருக்கிறது. ஒரே சொல் ஓரிடத்தில் பொருந்தி மற்றோரிடத்தில் பொருந்தாமல் போவது ஏன்? ‘அனுபவம்’ என்பதற்கு மாற்றாகப் ‘பட்டறிவு’ என்பதை எல்லா இடத்திலும் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் தீருமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: முல்லைக்கொடி

வைகைக்கரை அவர்களுக்கு வணக்கம். உங்கள் முதல் வாக்கியம் உறுத்துவதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. ஒன்று வேற்றுமை பற்றியது, மற்றொன்று சொற்பொருள் பற்றியது. முதலாவதை மட்டும் நான் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

உடலுக்கும் மனத்துக்கும் நேர்வதைத் தமிழில் சொல்லும்போது, அதற்கு ஆளாகிறவரை நாம் எழுவாயாக நிறுத்துவதில்லை. நான்காம் வேற்றுமையில் வைக்கிறோம். எனக்குப் பசிக்கிறது, அவருக்குக் குளிர்கிறது, குழந்தைக்குப் பிடிக்கவில்லை, உங்களுக்குப் புரிகிறதா, அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்றுதான் பேசுகிறோம், எழுதுகிறோம். பசியும் குளிரும் ஒருவர் செய்யும் செயல்கள் அல்ல, அவரிடம் வந்து சேர்பவை என்ற பார்வை வாக்கியத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. இது தமிழுக்கு மட்டும் உரியதும் அன்று. தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்தியிலும் இதே அமைப்பைக் காணலாம். இந்தியத் துணைக்கண்டத்து மொழிகளை, அவை எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருந்தாலும், ஒன்றோடொன்று பிணைக்கும் பொதுக்கூறுகளில் ஒன்றாக மொழியியலாளர் காலின் மசிக்கா 1976இல் வெளியிட்ட ஆய்வில் இதனைக் காட்டியிருக்கிறார்.

ஆங்கிலத்தில் இதற்கு மாறாக, ஆளை எழுவாயாகவும் தலைச்சுற்றலைச் செயப்படுபொருளாகவும் வைத்து, நடுவில் ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற வினையால் இணைக்கிறார்கள். அந்த வினைக்குத் தனிப்பொருள் அதிகம் இல்லை. வாக்கியத்தைக் கட்டுவதற்கு அது தேவைப்படுகிறது, அவ்வளவுதான். தமிழில் அந்தக் கட்டும் வேலையை ‘கு’ என்ற உருபு செய்துவிடுவதால், அந்த வினையைத் தனியாக மொழிபெயர்க்க வேண்டிய தேவையே எழுவதில்லை. “உங்களுக்குத் தலை சுற்றினால் உடனே மருத்துவரைப் பாருங்கள்” என்ற வாக்கியத்தில் ‘எக்ஸ்பீரியன்ஸ்’ முழுவதும் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. எதுவும் விடுபடவில்லை என்பதை உங்கள் பணியிடத்தில் உறுதியாகச் சொல்லலாம்.

மருந்துத்தாளைப் படிப்பவர் பெரும்பாலும் வயதானவராகவோ உடல்நலம் குன்றியவராகவோ இருப்பார். அவருக்கு இந்த வேறுபாடு வெறும் நடைச்சிக்கல் அன்று. ‘குமட்டலை அனுபவித்தல்’ என்பதை அவர் நின்று யோசித்துப் பொருள்கொள்ள வேண்டும். ‘குமட்டினால்’ என்பது உடனே விளங்கும். தலை சுற்றுவது, கண் இருட்டிக்கொண்டு வருவது, நெஞ்சு படபடப்பது, கை கால் மரத்துப்போவது, உடம்பு அரிப்பது, வயிறு கடுப்பது என்று உடல் உபாதை ஒவ்வொன்றுக்கும் தமிழில் தனித்தனி வினை இருக்கிறது. அந்த வளத்தை விட்டுவிட்டு எல்லாவற்றையும் பெயராக்கி, பின்னால் ‘அனுபவித்தல்’ சேர்ப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

மறுமொழி: பத்திர எழுத்தர், நெல்லை

சொற்பொருள் பற்றிய காரணத்தை என் தொழிலிலிருந்து சொல்லலாம் என்று நினைக்கிறேன். ‘அனுபவம்’ என்பது எங்களுக்கு அன்றாடச் சொல். ஆனால் நாங்கள் எழுதும் ‘அனுபவம்’ வேலை விளம்பரத்தில் வரும் ‘அனுபவம்’ அன்று.

கிரயப் பத்திரத்தில் சொத்தை விற்பவர் வாங்குபவருக்கு எழுதிக்கொடுக்கும்போது, “புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது” என்று எழுதுவது நெடுங்கால வழக்கம். இதில் ‘ஆண்டு’ என்பது உரிமையைக் குறிக்கிறது. ‘அனுபவித்து’ என்பது அந்த உரிமையால் வரும் பலனை, அதாவது விளைச்சலையும் வாடகையையும் மரங்களின் காய்ப்பையும் எடுத்துக்கொள்வதைக் குறிக்கிறது. ‘நிலம் என் அனுபவத்தில் இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், அந்த நிலத்தில் அவர் இருந்துகொண்டு பலனை எடுத்து வருகிறார் என்று பொருள். பட்டா அண்ணன் பெயரிலும் அனுபவம் தம்பியிடமும் இருப்பது ஊர்தோறும் காணக்கூடியது. பல உரிமையியல் வழக்குகளின் வேர் அங்கேதான் இருக்கிறது.

சட்டத்தில் இந்த ‘அனுபவம்’ காலக்கணக்கோடு பிணைந்தது. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தனியாருக்குச் சொந்தமான நிலத்தை வேறொருவர் வெளிப்படையாகவும் இடைவிடாமலும் உரிமையாளருக்கு எதிராகவும் 12 ஆண்டுகள் அனுபவித்து வந்தால், அதை மீட்பதற்கு உரிமையாளர் வழக்குத் தொடுக்கும் காலம் முடிந்துவிடுகிறது. இதைத்தான் எதிரிடை அனுபவம் என்கிறோம். அரசு நிலமாக இருந்தால் அரசுக்கு 30 ஆண்டுகள் அவகாசம் உண்டு. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தில், அடுத்தவர் நிலத்தின் வழியே செல்லும் பாதையை 20 ஆண்டுகள் உரிமையோடும் தடையின்றியும் அனுபவித்து வந்தவருக்கு அந்தப் பாதையில் உரிமை உண்டாவதற்கு வழி செய்யப்பட்டிருக்கிறது. இந்தச் சட்டங்களின் ஆங்கில மூலத்தில் இவ்விடங்களில் ‘பொசெஷன்’, ‘என்ஜாய்’ என்ற சொற்கள்தான் இருக்கின்றன. ‘எக்ஸ்பீரியன்ஸ்’ கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

குற்றவியல் தீர்ப்புகளிலும் இச்சொல் வருகிறது. “தண்டனைகளை ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்” என்று நாளிதழில் படித்திருப்பீர்கள். சொத்தை அனுபவிப்பதும் சிறைத்தண்டனையை அனுபவிப்பதும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை போலத் தோன்றும். ஆனால் இரண்டிலும் தனக்கென்று வகுக்கப்பட்ட ஒன்றை ஒருவர் இருந்து முழுவதும் பெற்றுக்கொள்கிறார். கிரயத்தின் பலன் சொத்து, குற்றத்தின் பலன் தண்டனை. தலைச்சுற்றல் அப்படி எதன் பலனும் அன்று. யாரும் அதை நோயாளிக்கு எழுதிக்கொடுக்கவில்லை.

மறுமொழி: திருவாவடுதுறைச் சாலை

பத்திர எழுத்தர் ஐயாவின் விளக்கம் அருமையானது. இருந்தாலும் ஒரு தடையை எழுப்ப வேண்டியிருக்கிறது. ‘நரக வேதனையை அனுபவித்தார்’, ‘வறுமையின் கொடுமையை அனுபவித்தவர்’ என்று நல்ல தமிழிலேயே எழுதுகிறோம். அங்கே சொத்தும் இல்லை, தீர்ப்பும் இல்லை. அப்படியிருக்க, தலைச்சுற்றலை மட்டும் ஏன் விலக்க வேண்டும் என்று சொற்பட்டியலைக் காப்பவர்கள் கேட்கக்கூடும்.

இதற்கு விடை சைவ சித்தாந்தத்தின் சொற்களில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வினையை மூன்றாகப் பகுப்பார்கள்: முன்பே ஈட்டிக் குவித்த சஞ்சிதம், இப்பிறவியில் வந்து பயன் தரும் பிராரத்தம், இனி விளையப்போகும் ஆகாமியம். இவற்றுள் பிராரத்தத்துக்கு ‘நுகர்வினை’ என்று தமிழில் பெயர் உண்டு. இன்பமும் துன்பமும் உயிருக்கு இந்த நுகர்வினையின் வழியாகவே வருகின்றன. இரண்டையும் நுகர்ந்துதான் கழிக்க முடியும். மக்கள் பேச்சில் வரும் ‘அனுபவித்தே தீர வேண்டும்’ என்ற தொடர் இந்தக் கருத்தை அப்படியே தாங்கி நிற்கிறது. ‘தீர்’ என்ற வினை அங்கே தற்செயலாக வந்து சேரவில்லை. அனுபவித்தல் என்பது ஒன்று தீரும்வரை அதனுள் இருப்பது. நரக வேதனையும் வறுமையும் நீண்டகாலம் ஒருவர் மேல் கிடந்து அவரை வருத்துபவை, அவர் இருந்து கழிக்க வேண்டியவை; ஆகவே அவற்றோடு இவ்வினை சேர்கிறது. சில நிமிடம் வந்து போகும் தலைச்சுற்றலோடும் நடுவழியில் பெய்த மழையோடும் சேர்வதில்லை. “சென்னை கனமழையை அனுபவித்தது” என்ற செய்தித்தலைப்பு பொருந்தாமல் போவதும் இதனால்தான்.

‘அநுபூதி’ என்பதும் இதே வேரிலிருந்து வந்தது என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் தம் பாடல்களுக்குக் ‘கந்தர் அநுபூதி’ என்று பெயர் அமைந்தபோது, அச்சொல் கந்தனைப் பற்றிய தகவலையோ கந்தனிடம் பெற்ற பயிற்சியையோ குறிக்கவில்லை. அவனோடு ஒன்றிய நிலையைக் குறித்தது. ஒரு சொல்வேர் நிலப்பத்திரத்திலிருந்து அந்த இடம்வரை சென்றிருப்பது எனக்கு மிகப் பெரிய செய்தியாகப் படுகிறது.

மறுமொழி: தருக்கமாணி

சுருக்கமாக ஒரு குறிப்பு. இந்தியத் தருக்க மெய்யியல் நெறியான நியாய தரிசனத்தில் ‘அனுபவம்’ என்பதற்குத் திட்டமான வரையறை உண்டு. 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய தர்க்கசங்கிரகத்தில், அறிவு என்பது ஸ்மிருதி, அனுபவம் என்று இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. நினைவாக மீண்டு வருவது ஸ்மிருதி. அதற்கு வேறான அறிவு முழுவதும் அனுபவம். அதாவது, அங்கே கடந்துபோனதைச் சேர்த்து வைப்பது அனுபவம் அன்று. வேலை விளம்பரத்தில் வரும் ‘முன் அனுபவம்’ என்ற தொடரிலோ கடந்த ஆண்டுகளின் சேர்மானமே அனுபவம் எனப்படுகிறது. ஆங்கிலச் சொல்லின் செல்வாக்கால் தமிழ்ப் பெயர்ச்சொல்லின் எல்லை விரிந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன். ஆனால் ‘அனுபவித்தல்’ என்ற வினை அந்த அளவுக்கு விரியவில்லை. ‘ஐந்து ஆண்டு அனுபவம் உண்டு’ என்கிறோம். ‘ஐந்து ஆண்டு தையலை அனுபவித்தேன்’ என்று எவரும் சொல்வதில்லை. உங்கள் சொற்பட்டியல் பெயரையும் வினையையும் ஒரே தட்டில் வைத்திருப்பதுதான் குழப்பத்தின் தொடக்கம்.

பிற மொழிகளிலும் இப்பிரிவு உண்டு. ஜெர்மானியர் ஒருவர் வாழ்ந்து பார்த்த நிகழ்வை ‘எர்லெப்னிஸ்’ என்றும், காலப்போக்கில் சேர்ந்த தேர்ச்சியை ‘எர்ஃபாருங்’ என்றும் இரு சொற்களால் குறிக்கிறார்கள். முன்னது வாழ்தலைக் குறிக்கும் வினையிலிருந்தும் பின்னது பயணத்தைக் குறிக்கும் வினையிலிருந்தும் பிறந்தவை. ஆங்கிலம்தான் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது.

மறுமொழி: வைகைக்கரை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பெயருக்கும் வினைக்கும் எல்லை வேறு என்பது இப்போது தெளிவாகிறது. ‘பட்டறிவு’ பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. சொற்பட்டியலைத் திருத்தும்போது அச்சொல்லையே முதன்மையாக வைக்கலாம் என்று உடன் பணிபுரிபவர் ஒருவர் வலியுறுத்துகிறார். இதையும் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற தமிழாசிரியை

தம்பி, பட்டறிவு மிக நல்ல சொல். ஆனால் அதற்கும் ஓர் இடம் உண்டு. எல்லா இடத்திலும் அதை நிறுத்த முடியாது.

‘படு’ என்ற வேர் தமிழில் எத்தனை ஆழமாக ஊன்றியிருக்கிறது என்று பாருங்கள். ஆசைப்படு, வெட்கப்படு, கவலைப்படு, பெருமைப்படு என்று மனத்தில் நிகழ்வதையெல்லாம் இதைக்கொண்டே சொல்கிறோம். உள்ளத்து உணர்ச்சி உடலில் தோன்றுவதைத் தொல்காப்பியர் ‘மெய்ப்பாடு’ என்றார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டாக வகுத்தார். துன்பத்தை மட்டும் குறிக்கும்போது ‘பாடு’ என்றே நிற்கும். ‘படாத பாடு பட்டேன்’ என்கிறோம். கிறித்தவர்கள் இயேசுவின் துன்பத்தைப் ‘பாடுகள்’ என்கிறார்கள். ஆக, பட்டறிவு என்பது பட்டதனால் வந்த அறிவு. இதன் இணை ‘படிப்பறிவு’. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தும்போதுதான் பட்டறிவு என்ற சொல்லுக்கு முழு வலிமை கிடைக்கிறது. ‘செயற்கை அறிந்தக் கடைத்தும் உலகத்து இயற்கை அறிந்து செயல்’ என்று அமைச்சருக்கு வள்ளுவர் சொன்னதும் இந்த இரண்டு அறிவுகளைப் பற்றித்தான்: நூல் காட்டும் வழியை அறிந்திருந்தாலும் உலகம் நடக்கும் முறையை அறிந்து அதன்படி செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து.

ஆனால் பட்டறிவு என்பது விளைவு. நிகழ்ச்சியை அது குறிக்காது. ‘நேற்று எனக்கு ஒரு பட்டறிவு ஏற்பட்டது’ என்று எழுத முடியாது. ‘நேற்று எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்’ என்றுதான் எழுத வேண்டும். ‘பயண அனுபவங்கள்’ என்று ஒருவர் கட்டுரைத் தொகுப்புக்குப் பெயர் வைத்தால் அதைப் ‘பயணப் பட்டறிவுகள்’ என்று மாற்றுவதால் நன்மை எதுவும் இல்லை. அனுபவம் என்பது வடசொல்லாக இருந்தாலும் அந்த இடத்தில் மக்கள் வழக்கில் வேரூன்றிவிட்டது. இன்பம் மிகுந்த இடங்களில் பட்டறிவு இன்னும் ஒட்டாமல் நிற்கும்.

தொழில்திறம் பற்றிய இடங்களில் ‘பழக்கம்’ என்ற சொல்லை நாம் மறந்துவருவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ‘சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்’ என்ற ஔவையாரின் தனிப்பாடலில் வரும் பழக்கம், இன்று வேலை விளம்பரத்தில் கேட்கும் அனுபவம்தான். கையில் ஏறிய திறம் என்ற பொருளை அது ‘அனுபவம்’ என்பதைக் காட்டிலும் துல்லியமாகத் தருகிறது. திருப்பூரில் பனியன் கம்பெனி வாசல்களில் ஓவர்லாக், பேட்லாக், பவர்டேபிள் டெய்லர்கள் தேவை என்று எழுதியிருப்பார்கள். இன்ன இயந்திரம் ஓட்டத் தெரிய வேண்டும் என்று சொன்னபின் அனுபவம் என்ற சொல்லே சில இடங்களில் தேவைப்படுவதில்லை. முதிர்ந்த தேர்ச்சி உடையவரைப் ‘பழம் தின்று கொட்டை போட்டவர்’ என்பார்கள். விளம்பரத்தில் அதை எழுத முடியாது என்பது வேறு.

இன்பமாக ஏற்றுக்கொள்ளுதல் என்ற பொருளுக்குத் ‘துய்த்தல்’ என்ற பழஞ்சொல் இருந்தது. ‘செல்வத்துப் பயனே ஈதல், துய்ப்பேம் எனினே தப்புந பலவே’ என்று நக்கீரர் புறநானூற்றில் பாடினார். பத்திர எழுத்தர் சொன்ன ‘பலனை எடுத்துக்கொள்ளுதல்’ என்ற பொருள் அப்படியே இதில் இருக்கிறது. பிற்காலத்தில் துய்த்தலின் இடத்தைத்தான் ‘அனுபவித்தல்’ பிடித்துக்கொண்டது என்று நான் எண்ணுகிறேன். அதனால்தான் இன்றும் இசைக்கச்சேரியில் ஒருவர் ‘அனுபவித்துப் பாடினார்’ என்றால் அது பாராட்டாகிறது. ‘நுகர்தல்’ என்பதோ இன்று ‘நுகர்வோர்’ ஆகிக் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. ‘உற்றறிதல்’ என்று ஒன்றும் உண்டு. தொல்காப்பியத்தில் அது தொடுபுலனின் அறிவு. அதை இன்றைய மொழிபெயர்ப்பில் மீட்டெடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வாசகருக்கு அது விளங்காது.

மறுமொழி: திரைமொழி

செயலிகளுக்கு எழுதும் பணியில் இருப்பதால் மூன்றாவது வாக்கியத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ‘பயனர் அனுபவம்’ என்பது ஒரு துறையின் பெயராக நிலைபெற்றுவிட்டது. அதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் வாடிக்கையாளரிடம் பேசும் வாக்கியத்தில் அச்சொல்லைக் கொண்டுவரக் கூடாது. “சிறந்த வங்கி அனுபவத்தை அனுபவியுங்கள்” என்பதில் செய்தி எதுவும் இல்லை. ஆங்கில மூலத்திலும் இல்லை. என்ன எளிதாகிறது என்று மூலத்தை எழுதியவரிடம் கேட்டு, “வங்கிக்குச் செல்லாமலே பணம் அனுப்பலாம்” என்பதுபோல் எழுதுங்கள். அப்படிக் கேட்பது மொழிபெயர்ப்பாளரின் உரிமை, தயங்க வேண்டாம்.

மறுமொழி: வைகைக்கரை

இவ்வளவு பொறுமையாக விளக்கியதற்கு அனைவருக்கும் நன்றி. சொற்பட்டியலுக்கான திருத்தத்தை இப்படி எழுதியிருக்கிறேன்: வேலைத்தேர்ச்சி என்ற பொருளில் ‘அனுபவம்’ அல்லது ‘பழக்கம்’, நிகழ்ச்சி என்ற பொருளில் ‘நேர்ந்தது’ அல்லது ‘அனுபவம்’, படிப்பறிவுக்கு எதிராக வரும்போது ‘பட்டறிவு’, சொத்து, தண்டனை, நெடுந்துன்பம், கலைச்சுவை ஆகியவற்றோடு மட்டும் ‘அனுபவித்தல்’, உடல் உபாதைகளுக்கு நான்காம் வேற்றுமையும் உரிய வினையும். ஓர் ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. நோயாளிகளிடம் நிரப்பக் கொடுக்கும் படிவத்தில் “கடந்த ஏழு நாட்களில் கீழ்க்கண்டவற்றில் எவற்றை அனுபவித்தீர்கள்?” என்று ஒரே கேள்வி கேட்டு, கீழே பத்து உபாதைகளைப் பட்டியலிடுகிறார்கள். ஒவ்வோர் உபாதைக்கும் வினை வேறாக இருப்பதால் தலைப்புக் கேள்வியை எப்படி அமைப்பது?

மறுமொழி: முல்லைக்கொடி

“கடந்த ஏழு நாட்களில் உங்களுக்குக் கீழ்க்கண்டவற்றில் எவை இருந்தன?” என்று கேட்டால் போதும். பட்டியலில் தலைச்சுற்றல், குமட்டல், மூச்சுத்திணறல், நெஞ்சு படபடப்பு, அரிப்பு என்று பெயர்களாகவே வைக்கலாம். ‘இருந்தன’ என்பது எல்லாவற்றோடும் சேரும். செவிலியர் படிவத்தை உரக்கப் படித்து நிரப்புவதாக இருந்தால் மட்டும், “தலை சுற்றியதா? குமட்டியதா? மூச்சுத் திணறியதா?” என்று ஒவ்வொன்றையும் தனிக் கேள்வியாக எழுதிக்கொடுங்கள். காது சரியாகக் கேளாத முதியவர்கள்கூட வினைச்சொல்லைக் கேட்டவுடன் விடை சொல்லிவிடுவார்கள்.